கோணல் மரத்துக்கு எந்த ரம்பம்?

போன மாதம் பக்கத்துத் தெருத் தம்பி ஒருவர் வீட்டுக்கு வந்தார். கையில் கொஞ்சம் சேமிப்பு, கொல்லையில் ஒரு கொட்டகை, தச்சு வேலையில் தீராத ஆசை.

"டேபிள் சா வாங்கலாம்னு இருக்கேன் அண்ணே. எல்லாரும் முதல்ல அதைத்தான் வாங்கச் சொல்றாங்க."

"என்ன மரம் அறுக்கப் போறீங்க தம்பி?"

"கஜா புயல்ல விழுந்த பூவரசு ரெண்டு துண்டு போட்டு வச்சிருக்கோம். அப்பா வெறகுக்குக் கொடுக்க மாட்டேன்னுட்டார். ஒரு பலாவும் இருக்கு."

எங்கள் கோடியக்கரையில் உட்கார்ந்து பூவரசும் பலாவும் அறுக்கப்போகிற ஒருவருக்கு, முதல் இயந்திரமாக மேசை நடுவே வட்ட ரம்பம் சுழலும் டேபிள் சாவை யார் பரிந்துரைத்தாலும் அது தவறான பரிந்துரை. ஆனால் இன்றைக்கு அதுதான் பொதுக் கருத்தாக இருக்கிறது. கடைக்காரரைக் கேட்டால் அதைச் சொல்கிறார். காணொளி பார்த்துத் தச்சு பழகும் பிள்ளைகள் அதையே சொல்கிறார்கள். பேண்ட்சா என்கிற நாடா ரம்பத்தைப் பற்றிக் கேட்டால், அனுபவப்பட்ட ஆசாரிகளிலும் பலர் "பேண்ட்சா மில்லுக்காரன் சாமான், வீட்டுக்கு எதுக்கு? அது வளைவு அறுக்கத்தான் லாயக்கு, நேரா அறுக்காது" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். நான் இந்தக் கருத்தை வரிக்கு வரி மறுக்கிறேன்.

இந்தக் கருத்து பிறந்த இடத்தை முதலில் பார்க்க வேண்டும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீட்டுப் பட்டறைக்காரர் கடைக்குப் போனால் சூளையில் உலர்த்தி, நாலு பக்கமும் மட்டம் பார்த்த பலகை வரிசையாக நிற்கும். அப்படிப்பட்ட பலகையை நீளவாக்கில் கிழிக்க டேபிள் சாவைப்போல வேறொன்று இல்லை. ஆனால் அந்த இயந்திரம் மரத்திடம் இரண்டு தகுதிகளை எதிர்பார்க்கிறது. மேசையில் ஆடாமல் படுக்க ஒரு பக்கம் தட்டையாக இருக்க வேண்டும். ஃபென்ஸ் என்கிற அணைச்சட்டத்தில் பிசகாமல் ஒட்டி நகர ஒரு விளிம்பு நேராக இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத கட்டையை வட்ட ரம்பத்துக்குள் தள்ளினால், கட்டை ஒரு நூல் திரும்பியதும் ரம்பத்தின் பின்பகுதிப் பற்கள் அதைக் கவ்வி, தள்ளுகிற ஆளின் வயிற்றை நோக்கி எறியும். உள்ளே இறுக்கம் இருக்கிற மரம் என்றால், அறுத்த வாய் அறுக்க அறுக்கவே மூடிக்கொண்டு ரம்பத்தைப் பிடிக்கும். அப்போதும் அதே கதிதான்.

இனி நம் மரத்தைப் பாருங்கள். கும்பகோணத்திலிருந்து இந்தக் கடல் முனை வரைக்கும் இது நெல் விளைகிற மண். தச்சுக்கு மரம் தருகிற காடு டெல்டாவில் இல்லை. வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் கொல்லையிலும் நிற்பவைதான் நம் மரங்கள்: பூவரசு, வேம்பு, பலா, மா, புன்னை, வாகை, கருவேலம். வேலிக்கு நட்ட போத்து வளர்ந்து மரமானதுதான் பாதிப் பூவரசு. ஆடு கடித்து, தழைக்குக் கழித்து, கடற்காற்றில் சாய்ந்து வளர்ந்தவை. ஆறடிக்கு நேர்த்தடி கிடைத்தால் அதிர்ஷ்டம். நேர்மரம் வேண்டியவர்கள், வசதி உள்ளவர்கள், ஒரு காலத்தில் பர்மாத் தேக்கைக் கப்பலில் வரவழைத்தார்கள். எங்கள் ஊரை ஒட்டிக் காடு இருக்கிறதே என்று கேட்கலாம். உலக்கைப் பாலை நிறைந்த அந்தக் காடு 1967 முதல் வனவிலங்குச் சரணாலயம்; 2002 முதல் ராம்சார் ஈரநிலம். அங்கே உதிர்ந்து கிடக்கும் சுள்ளியும் நமக்குரியதல்ல. அதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. வெளிமானும் பூநாரையும் வாழ வேண்டிய இடம் அது. நமக்குரியது பட்டா நிலத்துக் கோணல் மரம்தான்.

அந்தக் கோணல் மரம் என்ன ஆகிறது என்பதை 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடிந்தபோது பார்த்தோம். நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையைக் கடந்த இரவில், தலைமுறை தலைமுறையாக நின்ற மாவும் பலாவும் வேம்பும் முந்திரியும் தென்னையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துக்கிடந்தன. சாலையைத் திறக்க அறுத்தார்கள், கூரைமேல் விழுந்ததை எடுக்க அறுத்தார்கள். பிறகு லாரிகள் வந்து, சொன்ன விலைக்கு விறகாக ஏற்றிக்கொண்டு போயின. நான் கேட்ட மரவாடிகளில் ஒரே பதில்தான்: கட்டை குட்டையா இருக்கு, கோணலா இருக்கு, ஆணி இருக்கும். அவர்கள் மேல் தப்பில்லை. அவர்கள் தொழில் நீளத் தடிக்கானது. ஆனால் மூன்றடிப் பூவரசுக் கட்டை ஒரு வீட்டுப் பட்டறைக்காரருக்குப் புதையல். உள்ளே காபிக்கொட்டை நிறத்தில் வைரம், ஊடே கறுப்பும் ஊதாவும் ஓடுகிற ரேகை. அதைப் பலகையாக்க ஒரு கருவி நம் கையில் இல்லாததால் எத்தனை வண்டி வைரம் அடுப்புக்கும் செங்கல் சூளைக்கும் போயிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

பேண்ட்சா அந்தக் கருவி. மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி முனையில்லாத ஒரு நாடா ரம்பம். லண்டனில் வில்லியம் நியூபெரி இதற்குக் காப்புரிமை வாங்கியது 1808-ல். வெகுகாலம் அது பயன்படாமல் கிடந்தது, ஏனென்றால் நாடாவின் இரு முனைகளை அறுந்துபோகாமல் ஒட்ட யாராலும் முடியவில்லை. 1846-ல் பிரான்சின் ஆன் போலின் கிரெபின் என்ற பெண்மணி ஒட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பிறகுதான் அது தொழிலுக்கு வந்தது. இதில் ரம்பம் எப்போதும் மேலிருந்து கீழே ஓடுகிறது. வெட்டும் விசை மரத்தை மேசைமேல் அமுக்குமே தவிர ஆளை நோக்கி எறியாது. தட்டையான பக்கம் இல்லாத கட்டையை ஒரு பிளைவுட் துண்டின்மேல் திருகாணி போட்டுப் பிடித்து, அந்தப் பிளைவுட்டின் நேர் விளிம்பை அணைச்சட்டத்தில் ஒட்டித் தள்ளினால், முதல் அறுப்பிலேயே கோணல் கட்டைக்கு ஒரு நேர்முகம் கிடைத்துவிடும். டேபிள் சா கேட்கிற தகுதியை மரத்துக்கு உண்டாக்கிக் கொடுப்பதே இதுதான். பிறகு எப்படி பேண்ட்சா இரண்டாவது இயந்திரம் ஆகும்?

சேதாரத்தையும் கணக்குப் போடுங்கள். 10 அங்குல டேபிள் சாவின் ரம்பம் சுமார் 3 மில்லிமீட்டர் மரத்தைத் தூளாக்கும். ஆழம் சுமார் 80 மில்லிமீட்டரோடு நின்றுவிடும். பேண்ட்சா நாடா சுமார் 1 மில்லிமீட்டர்தான் தின்னும். 125 மில்லிமீட்டர் தடிமன், 150 மில்லிமீட்டர் அகலம் உள்ள பலாக்கட்டையை 10 மில்லிமீட்டர் பலகைகளாக அறுப்பதாக வையுங்கள். பேண்ட்சாவில் பதினொன்று கிடைக்கும். டேபிள் சாவில் ஒன்பது, அதுவும் ஒவ்வொன்றையும் திருப்பிப்போட்டு இரண்டு தடவை அறுத்து. பேண்ட்சா அறுத்த முகம் சொரசொரப்பாக இருக்கும், இழைப்புளிக்குக் கொஞ்சம் கூடுதலாக வேலை வைக்கும் என்பது உண்மை. அதைக் கழித்தாலும் லாபம் லாபம்தான்.

அடுத்தது, "நேரா அறுக்காது" என்கிற பேச்சு. எல்லோரும் நம்புவதும் இதைத்தான், அதிகம் தவறாகப் புரிந்துகொண்டிருப்பதும் இதைத்தான். சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் பார்த்த பேண்ட்சா கோணலாகத்தான் அறுத்திருக்கும். என்னுடையதும் முதல் ஆறு மாதம் அப்படித்தான் அறுத்தது. பலாவைத் தள்ளினால் நாடா இடது பக்கமாக ஓடும். "அது அதன் சுபாவம், அணைச்சட்டத்தையே அந்தப் பக்கமாச் சாய்ச்சு வை" என்று சொன்னார்கள். சாய்த்து வைத்தேன். ஒரு கட்டைக்குச் சரியாக வந்தது, அடுத்த கட்டைக்கு வரவில்லை. ஒருநாள் பொறுமையாக மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு நாடாவைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தேன். வலப்பக்கம் சாய்ந்த பற்களின் முனை மட்டும் மழுங்கிப் பளபளத்தது. இடப்பக்கப் பற்கள் புதுசுபோல இருந்தன. நாடாவைப் பக்கவாட்டில் தாங்கும் வலப்பக்கத்து கைடு பேரிங்கை நான் பல்லில் உரசுகிற அளவுக்கு முன்னால் தள்ளி வைத்திருந்தேன். ஒரு பக்கக் கூர் போய்விட்டால் ரம்பம் கூர் உள்ள பக்கமாகத்தானே இழுத்துக்கொண்டு போகும்? நாடாவை மாற்றி, பேரிங்கைப் பின்னுக்கு எடுத்து, அணைச்சட்டத்தை மறுபடி மேசைக்கு நேராக வைத்தேன். அதே பலாவின் மிச்சக் கட்டை கோடு போட்டதுபோல அறுந்தது.

ஓட்டம் ரம்பத்தின் சுபாவம் அல்ல. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கண்ணுக்குத் தெரிகிற காரணம் ஒன்று உண்டு. ஒரு பக்கம் மழுங்கிய பல் ஒரு காரணம்; நம் ஊர் மரத்தில் ஒரு பழைய ஆணி போதும் அதற்கு. மரத்தின் தடிமனுக்குப் பொருந்தாத பல் இன்னொன்று. அங்குலத்துக்குப் பத்துப் பல் உள்ள நாடாவை ஆறங்குலக் கட்டைக்குள் விட்டால் பல்லிடைப் பள்ளம் தூளால் நிரம்பிவிடும். தூளை வெளியே கொண்டுவர முடியாத பல் வெட்டாது, ஒதுங்கும். புது இயந்திரத்தோடு வருவது பெரும்பாலும் இப்படிப்பட்ட பொதுப்பயன் நாடாதான். அதைப் போட்டுத் தடித்த கட்டையை அறுத்துப் பார்த்துவிட்டு இயந்திரத்தைத் திட்டுகிறார்கள். கட்டையைப் பலகையாக்க அரை அங்குல அகலம், அங்குலத்துக்கு மூன்று பல். அதை வாங்கிப் போட்டுவிட்டுப் பேசட்டும். வளைவுக்குக் கால் அங்குல நாடா. அது முக்கால் அங்குல ஆரம் வரை தாராளமாகத் திரும்பும்.

மூன்றாவது காரணம், நாடா சக்கரத்தில் உட்காரும் இடம். சக்கரத்தின் ரப்பர் டயர் நடுவில் லேசாக மேடிட்டு இருக்கும். நாடா அந்த மேட்டின் முன்னால் தள்ளி ஓடினால் ஒரு பக்கமும், பின்னால் தள்ளி ஓடினால் மறுபக்கமும் அதன் பல் திரும்பி நிற்கும். பல்லிடைப் பள்ளத்தின் அடிப்பகுதி மேல்சக்கரத்தின் நடு உச்சியில் வருகிறமாதிரி, சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே பின்பக்கத் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். அரைச்சுற்றுக்கும் குறைவான திருகல்தான் வேண்டியிருக்கும்.

இறுக்கமும் அப்படித்தான். தளர்ந்த நாடா தடித்த கட்டைக்குள் வயிறு தள்ளும். மேலேயும் கீழேயும் கோட்டில் இருந்து நடுவில் மட்டும் வளைந்த பலகை வரும். இயந்திரத்தின் அளவுகோலை மட்டும் நம்பாதீர்கள், அதன் ஸ்பிரிங் நாளடைவில் சோர்ந்துபோகும். மேல் கைடை ஆறங்குலம் உயர்த்திவிட்டு நாடாவின் பக்கத்தை ஒரு விரலால் அழுத்துங்கள். கால் அங்குலத்துக்கு மேல் போனால் போதாது. வேலை முடிந்ததும் இறுக்கத்தைத் தளர்த்திவிடுங்கள். இல்லையென்றால் டயரில் பள்ளம் விழும்.

இதையெல்லாம் முடித்த பிறகுதான் கைடைத் தொட வேண்டும். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். கோணலாக ஓடும் நாடாவைக் கைடால் நெருக்கி நேராக்கப் பார்க்கிறார்கள். நாடாவும் கெடுகிறது, கைடும் சூடாகிறது. பக்கக் கைடு நாடாவிலிருந்து ஒரு தாள் தடிமன் தள்ளி, பல்லுக்குப் பின்னால் நிற்க வேண்டும். பின் பேரிங், சும்மா ஓடும்போது நாடாவைத் தொடக் கூடாது. மரம் அழுத்தும்போது மட்டும் சுழல வேண்டும். மேசையை மூலைமட்டம் வைத்து நாடாவுக்குச் சரி பாருங்கள். அரை மணி நேர வேலை இது.

"மில்லுக்காரன் சாமான்" என்பதற்கும் பதில் உண்டு. மில்லில் இருக்கிற ஆளுயரச் சக்கரம் வேறு. வீட்டுக்கானது 12 அல்லது 14 அங்குலச் சக்கரம். 14 அங்குலத்தில் ஆறங்குல உயரக் கட்டை போகும். 8, 9 அங்குல மேசைமேல் இயந்திரத்தை விலை பார்த்து வாங்காதீர்கள். அதன் மெல்லிய உடம்பு அரை அங்குல நாடாவை இறுக்கும்போதே வளைந்துகொடுக்கும். மோட்டார் ஒரு குதிரைசக்திக்குக் குறையாமல் இருக்கட்டும். இரண்டு வேண்டும் என்று கடையில் சொல்வார்கள். மழுங்கிய நாடாவோடு இரண்டு குதிரைசக்தி இருப்பதைவிடக் கூரான நாடாவோடு ஒன்று இருப்பது மேல். எங்கள் பக்கம் மின் அழுத்தம் மாலையில் இறங்கும். அப்போது மோட்டார் திணறினால் பலர் மோட்டாரைக் குறை சொல்வார்கள். போய்ப் பார்த்தால் வீட்டு முகப்பிலிருந்து கொட்டகைக்கு மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் ஓடிக்கொண்டிருக்கும். 2.5 சதுர மில்லிமீட்டர் வயரும் 16 ஆம்பியர் பிளக்கும் போடுங்கள்.

முழுத்தடியை வீட்டில் அறுக்க நான் சொல்லவில்லை. அது 14 அங்குலத்தில் நடக்காது. சட்டமும் குறுக்கே நிற்கும்: கோதவர்மன் வழக்கில் 2002 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவுக்குப் பிறகு, உருட்டுத்தடியை மின்சாரத்தில் அறுப்பது எங்கும் கண்காணிப்புக்கு உட்பட்டது. சரணாலயத்துக்குப் பக்கத்தில் இருக்கிற நாம் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். உரிமம் உள்ள மில்லில் கொடுத்து நாலாகப் பிளந்து, ரசீதோடு வாங்கி வாருங்கள். சந்தேகம் இருந்தால் வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். பிளந்து வந்ததைப் பலகையாக்குவதும் மரச்சட்டமாக்குவதும்தான் வீட்டு பேண்ட்சாவின் வேலை.

"உப்புக்காத்து தின்னுடும்" என்பார்கள். கிழக்கிலும் தெற்கிலும் கடல், மேற்கே உப்பளமும் சேற்றுநிலமும். துரு பிடிக்காத இரும்பு இந்த ஊரில் இல்லை. ஆனால் டேபிள் சாவின் மேசையும் இரும்புதானே? இந்த வாதம் பேண்ட்சாவை மட்டும் எப்படித் தள்ளும்? என் கொட்டகையில் மேசைமேல் வாரம் ஒருமுறை மெழுகுவர்த்தியைத் தேய்த்துத் துணியால் மினுக்குகிறேன். மூடுவதற்குப் பருத்திப் போர்வை. பிளாஸ்டிக் போட்டால் உள்ளே வியர்த்துத் துருப்பிடிக்கும். தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், பிசினாகித் தூளைப் பிடிக்கும்; தையல் மெஷின் எண்ணெய் போதும். ஐப்பசி, கார்த்திகையில் நாடாக்களைத் துடைத்து எண்ணெய் போட்டு வீட்டுக்குள் தொங்கவிடுகிறேன்.

பிளைவுட்டில் அலமாரி செய்கிறவருக்கு நான் பேண்ட்சாவைப் பரிந்துரைக்க மாட்டேன். எட்டடிக்கு நாலடித் தாளை அதில் அறுக்க முடியாது. அவருக்கு டேபிள் சாதான். பேண்ட்சாவில் ஆபத்தே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். மீன் பதனிடும் ஆலைகளில் பாறையாக உறைந்த மீனை முள்ளோடு வெண்ணெய்போல் வெட்டுவது இதே நாடாதான். விரல் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. மேல் கைடை மரத்துக்குமேல் அரை அங்குலத்துக்குள் இறக்கி வையுங்கள், கடைசி நாலு அங்குலத்தைக் குச்சியால் தள்ளுங்கள். உருண்டையான கட்டையைப் பிடிமானம் இல்லாமல் ஒருபோதும் தள்ளாதீர்கள். நாடா அதைச் சுழற்றிவிட்டுக் கையை உள்ளே இழுக்கும்.

தம்பி போன ஞாயிற்றுக்கிழமை பூவரசில் ஒரு கட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். காந்தத்தை ஓட்டி ஆணி தேடினோம். ஒன்று கிடைத்தது, பிடுங்கினோம். பிளைவுட்டில் திருகிப் பிடித்து ஒரு முகம் எடுத்தோம், மூலைமட்டம் வைத்து இன்னொரு முகம். பிறகு பத்து மில்லிமீட்டரில் அணைச்சட்டத்தை வைத்துவிட்டு அவரையே தள்ளச் சொன்னேன். அவசரப்படாமல் தள்ளினார். அறுத்த இரண்டு பலகைகளைப் புத்தகம்போல் விரித்து மேசைமேல் வைத்தோம். ஒரே கறுப்பு ரேகை இரண்டு பக்கமும் கண்ணாடி பார்த்ததுபோல் எதிரெதிரே வளைந்து நின்றது. அவர் தூளை ஊதிவிட்டு வெகுநேரம் அதைத் தடவிக்கொண்டிருந்தார். "இதை அப்பாவுக்குக் காட்டணும் அண்ணே" என்று இரண்டையும் வெயில் படாமல் மார்போடு அணைத்து எடுத்துப்போனார்.